காந்த டிரெயின் பிளக்: வரலாறும் பயனும்

கார் என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டிக்கு ஆயில் சம்ப் என்று பெயர். பழைய எண்ணெயை வடிப்பதற்காக அதன் அடிப்பாகத்தில் ஒரு துளையும், அதை மூட ஒரு மரையாணியும் இருக்கும். இந்த ஆணியே டிரெயின் பிளக். பட்டறைகளில் இதை டிரெயின் போல்ட் என்றும் சொல்வார்கள். இதன் உள்முனையில் ஒரு சிறு நிலைக்காந்தத்தைப் பதித்தால் அது காந்த டிரெயின் பிளக் ஆகிறது. எண்ணெயோடு சுற்றி வரும் இரும்புத் துகள்களை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைப் பொருத்தினால் என்ஜினின் ஆயுள் கூடும் என்பது விற்பவர்களின் வாதம். நல்ல வடிகட்டி இருக்கும்போது இது வீண் செலவு என்பது எதிர்வாதம். இதற்கு விடை காண, எண்ணெய்க்குள் காந்தம் எப்படி வந்தது, எந்தெந்தத் துறையில் என்ன வேலை செய்தது என்ற வரலாறு உதவும்.

வடிகட்டி இல்லாத காலம்

தொடக்ககாலக் கார்களில் எண்ணெய் வடிகட்டி கிடையாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரில் எண்ணெய் பம்பு கூட இல்லை. சுழலும் பாகங்கள் எண்ணெயை வாரி இறைக்க, அது மற்ற இடங்களுக்குச் சென்று சேர்ந்தது.

அந்த என்ஜினின் எண்ணெய்க்குள்ளும் காந்தங்கள் இருந்தன. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்குவதற்காக, சுழல் சக்கரத்தில் ஆங்கில 'வி' எழுத்து வடிவிலான 16 காந்தங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை எண்ணெய் தெறிக்கும் அதே கூண்டுக்குள் சுழன்றன. மின்சாரத்துக்காக வைத்த காந்தங்கள் என்றாலும் எண்ணெயில் கலந்த இரும்புத் தூள் அவற்றில் ஒட்டவே செய்யும். ஆனால் அதை வெளியே எடுத்துப் பார்க்க வழியில்லை. அடிக்கடி எண்ணெய் மாற்றுவது ஒன்றுதான் அன்றைய பாதுகாப்பு.

எண்ணெய் வடிகட்டியின் வருகை

1923-இல் அமெரிக்காவின் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் கார் என்ஜினுக்கான எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினார். 'பியூர் ஆயில் லேட்டர்' என்ற சொற்களைச் சுருக்கி அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயரிட்டனர். 1924-இல் வெளிவந்த கிரைஸ்லர் சிக்ஸ் காரில் எண்ணெய் வடிகட்டி இடம்பெற்றது. அக்கால வடிகட்டிகள் எண்ணெயின் ஒரு சிறு பகுதியை மட்டும் கிளைவழியாக எடுத்து வடித்தன. பம்பு அனுப்பும் எண்ணெய் முழுவதையும் வடிக்கும் முறை பின்னர் பரவியது. 1950-களில், இன்று நாம் காணும் திருகிக் கழற்றும் டப்பா வடிவ வடிகட்டிகள் வந்தன.

எல்லாக் கார்களும் உடனே மாறிவிடவில்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் பல பத்தாண்டுகள் வெறும் கம்பி வலைச் சல்லடையோடு ஓடியது. இத்தகைய என்ஜின்களில் துகளைப் பிடிக்க வேறு சாதனம் இல்லாததால் காந்தத்துக்கு உண்மையான வேலை இருந்தது.

முழு எண்ணெயையும் வடிக்கும் வடிகட்டி வந்தபின் காந்தத்தின் பங்கு சுருங்கியது. 1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, 40 மைக்ரான் வடிகட்டியோடு ஒப்பிட்டால் 30 மைக்ரான் வடிகட்டி என்ஜின் தேய்மானத்தை 50 விழுக்காடும், 15 மைக்ரான் வடிகட்டி 70 விழுக்காடும் குறைத்தது. (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நுண்ணிய துகள்களே அதிகத் தீங்கு செய்கின்றன என்பதை இது காட்டுகிறது. பொதுவான வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் நுண்ணிய இரும்பைப் பிடிக்கும் என்பதே காந்தத்துக்கு ஆதரவான வலுவான வாதம்.

அதற்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, காந்தத்தின் ஈர்ப்பு தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறைந்துவிடும். சம்பின் ஒரு மூலையில் இருக்கும் பிளக், தன்னை ஒட்டிச் செல்லும் எண்ணெயிலிருந்து மட்டுமே துகளைப் பிடிக்க முடியும். இரண்டாவது, சாலைப் புழுதியின் முக்கியப் பொருளான மணல்தூள் காந்தத்துக்கு ஒட்டாது. கார்பன் கரியும் அலுமினியமும் அப்படியே.

காந்தங்களின் வளர்ச்சி

பழைய எஃகுக் காந்தங்கள் எளிதில் வலுவிழந்தன. 1917-இல் ஜப்பானின் கொட்டாரோ ஹோண்டா வலிமையான காந்த எஃகை உருவாக்கினார். 1930-களின் தொடக்கத்தில் டொக்குஷிச்சி மிஷிமா இரும்பு, நிக்கல், அலுமினியக் கலவைக் காந்தத்தைக் கண்டறிந்தார். அல்நிகோ எனப்படும் காந்த வகை இதிலிருந்து வளர்ந்தது. 1950-களில் மலிவான ஃபெரைட் காந்தங்களும், 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நியோடிமியம் காந்தங்களும் வந்தன.

நியோடிமியம் மிகவும் வலியது. ஆனால் அதன் சாதாரண ரகங்கள் சுமார் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். ஓடும் என்ஜினில் எண்ணெய் 90 முதல் 120 பாகை வரை சூடாவது இயல்பு. எனவே உயர்வெப்ப ரகமோ, சமாரியம் கோபால்ட் காந்தமோதான் இந்த வேலைக்குப் பொருந்தும். மலிவுப் பிளக்கில் எந்த ரகம் இருக்கிறது என்பதை வாங்குபவர் கண்டறிவது கடினம்.

விமானத்துறை தந்த பாடம்

காந்த பிளக் தன் முழுத் தகுதியையும் காட்டியது விமானத்துறையில்தான். அங்கே அதற்குச் சிப் டிடெக்டர் என்று பெயர். எண்ணெயைத் துப்புரவாக்குவது அதன் நோக்கமன்று. உள்ளே ஏதோ பழுதாகிறது என்று முன்கூட்டிச் சொல்வதே அதன் பணி. மின்வகைக் கருவியில் இரண்டு மின்முனைகளுக்கு இடையே சிறு இடைவெளி இருக்கும். காந்தம் ஈர்த்த உலோகத் துகள் அந்த இடைவெளியை இணைத்தால் விமானி அறையில் விளக்கு எரியும். சில கருவிகளில் ஒரு மின் துடிப்பை அனுப்பி இயல்பான நுண்தூளை எரித்துவிடலாம். அதன் பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் சிக்கியிருப்பது பெரிய துகள் என்று பொருள்.

இந்தச் செய்தியைச் சரியாகப் படிப்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2009 ஏப்ரல் 1 அன்று நடந்த விபத்து உணர்த்தியது. ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே வடகடலில் ஒரு சூப்பர் பூமா ஹெலிகாப்டர் விழுந்து, அதிலிருந்த 16 பேரும் இறந்தனர். கியர் பெட்டிக்குள் இருந்த சுற்றுப் பல்சக்கரம் ஒன்று உடைந்ததே காரணம். விபத்துக்கு ஒரு வாரம் முன், மார்ச் 25 அன்று, அந்தக் கியர் பெட்டியின் காந்தக் கருவியில் ஒரு துகள் கிடைத்திருந்தது. அது பல்சக்கரம் சிதைவதன் அறிகுறி என்று உணரப்படவில்லை.

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு தன் அறிக்கையில் இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. அதே கியர் பெட்டிக்குள், மேற்பகுதியிலிருந்து வரும் துகள்களைப் பிடிப்பதற்காக ஒரு காந்த வளையம் பொருத்தப்பட்டிருந்தது. துகள்கள் கண்டறியப்படும் வாய்ப்பை அந்த வளையமே குறைத்துவிட்டது. எடுத்துப் பார்க்க முடியாத இடத்தில் துகளைப் பிடித்துவைக்கும் காந்தம், செய்தியை மறைத்துவிடக் கூடும். விபத்துக்குப் பின் அந்த வளையங்கள் அகற்றப்பட்டன.

2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் துரோய் தீவருகே அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகாப்டர் விழுந்து 13 பேர் இறந்தனர். அதிலும் சுற்றுப் பல்சக்கரமே உடைந்தது. இம்முறை காந்தக் கருவி முன்னெச்சரிக்கை எதையும் தரவில்லை. உலோகத்தின் உள்ளே வளரும் விரிசல் போதிய துகளை உதிர்க்காவிட்டால் காந்தத்துக்குச் சொல்ல எதுவும் இராது.

கார் என்ஜினுக்கு இது பொருந்துமா?

ஹெலிகாப்டர் கியர் பெட்டியில் பல்சக்கரங்களும் உருளை, குண்டு பேரிங்குகளும் எஃகால் ஆனவை. அவை சிதைந்தால் உதிர்வது காந்தத்தில் ஒட்டும். கார் என்ஜினின் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளோ வேறு வகை. அவை மெல்லிய ஓடுகள் போன்றவை. அவற்றின் மேற்பரப்பு வெள்ளீயம், ஈயம், செம்பு, அலுமினியம் போன்ற மென்மையான உலோகங்களால் ஆனது. இவற்றில் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. பிஸ்டனும் அலுமினியமே.

ஆகவே கார் என்ஜினுக்கு வரக்கூடிய பெரும் பழுதுகளில் ஒன்றான பேரிங் தேய்மானத்தைக் காந்த பிளக் நேரடியாகக் காட்டாது. பிஸ்டன் ரிங், வார்ப்பிரும்புச் சிலிண்டர் சுவர், கேம் தண்டு, டைமிங் செயின் ஆகியவற்றின் தேய்மானத்தை மட்டும் காட்டும். இந்தக் குறையை ஈடுசெய்யும் வழியை ரயில்வே கண்டது. 1940-களில் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் டீசல் என்ஜின்களின் பழைய எண்ணெயை நிறமாலைக் கருவியில் சோதிக்கத் தொடங்கின. இச்சோதனை செம்பு, ஈயம், அலுமினியத்தையும் காட்டும். ஆனால் பெரிய துகள்களை அது சரியாகக் கணக்கிடாது. பெரிய இரும்புத் துகளைக் காட்டும் காந்தமும் நிறமாலைச் சோதனையும் ஒன்றுக்கொன்று துணையானவை.

கியர் பாக்ஸின் நிலை வேறு. கைவகைக் கியர் பாக்ஸ் பலவற்றில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் எஃகு. ஆகவே அங்கே காந்த பிளக் பயனுள்ளது. ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் அடித்தட்டில் தயாரிப்பாளர்களே காந்தம் வைப்பது வழக்கம். என்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெயைப் பயன்படுத்தும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இது நன்மை தரும்.

பிளக்கைப் பார்க்கும் முறை

எண்ணெய் மாற்றும்போது பிளக்கைத் துடைக்கும் முன் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கண்மை போன்ற கருஞ்சாம்பல் பசை மெல்லியதாக இருந்தால் அது இயல்பான தேய்மானம். புது என்ஜினின் முதல் எண்ணெய் மாற்றத்தில் இது சற்று அதிகமாகவே இருக்கும்.

விரலில் உறுத்தும் செதில், ஊசி போன்ற சீவல், உடைந்த துண்டு ஆகியவை இருந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வடித்த எண்ணெயை வெயிலில் பார்த்து, செம்பு நிற மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்வதாகக் கருதலாம். காந்தம் சொல்லாததை இது சொல்லும்.

தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்ட அளவு மூன்றையும் குறித்து வைத்தால் அடுத்த முறை ஒப்பிடலாம். ஒப்பிடக் குறிப்பு இல்லாவிட்டால் ஒருமுறை கண்டதிலிருந்து அதிகம் அறிய முடியாது.

வாங்கும்போது மரை அளவு சரியாக இருக்க வேண்டும். 14 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் பரவலான அளவு. ஆனால் எல்லாக் கார்களுக்கும் அதுவே அன்று. அலுமினியச் சம்பில் தவறான பிளக்கை அழுத்தித் திருகினால் மரை அழிந்துவிடும். காந்தம் வெறும் பசையால் ஒட்டப்படாமல் உலோகத்தில் இறுகப் பதிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

கார் என்ஜினின் ஆயுளைக் கூட்டும் வேலையில் முதலிடம் உரிய காலத்தில் எண்ணெய் மாற்றுவதற்கும், நல்ல எண்ணெய் வடிகட்டிக்கும், புழுதியைத் தடுக்கும் காற்று வடிகட்டிக்கும் உரியது. இவற்றை விட்டுவிட்டுக் காந்த பிளக்கை மட்டும் நம்புவதில் பயனில்லை. இவற்றோடு சேர்த்துப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் பார்த்துக் குறித்து வைப்பவருக்கு அது குறைந்த செலவில் கிடைக்கும் எச்சரிக்கைக் கருவி. பார்க்காமல் துடைத்து மாட்டுபவருக்குச் சாதாரண பிளக்கே போதும்.