கீழாநெல்லி: வேலியோரத்திலிருந்து சோதனைக்கூடம் வரை



நான்கு நாள் மழை பெய்தால் போதும். ஸ்ரீ கெம்பாங்கானில் வேலியோரத்திலும் பள்ளித் திடலின் விளிம்பிலும் கால்வாய்க் கரையிலும் தானாக முளைத்து நிற்கும் ஒரு சிறு செடியைக் காணலாம். விதைப்பாரும் இல்லை, நீர் ஊற்றுவாரும் இல்லை. ஒரு முழ உயரத்திற்கு மேல் அது வளர்வதும் இல்லை. அதுவே கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்று யாராவது சொன்ன மாத்திரத்தில் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வரும் மூலிகையும் அதுவே.

இம்மூலிகையைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. காமாலைக்குக் கீழாநெல்லியை விட்டால் வேறு மருந்தில்லை என்பது ஒரு கட்சி. அதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடுவது மற்றொரு கட்சி. இவ்விரு கட்சியினரும் அறியாத வரலாறு ஒன்று உண்டு. உலகின் மருத்துவ ஆய்வாளர்கள் இச்செடியை மதித்து, முறைப்படி சோதித்துப் பார்த்த வரலாறு அது. அதைத் தெரிந்துகொண்டால் எப்போது இச்செடியை நம்பலாம், எப்போது நம்பிக் காலம் கடத்தக் கூடாது என்பது விளங்கும்.

மூன்று மொழியில் ஒரே காட்சி

முதலில் பெயரைப் பார்ப்போம். ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்தால், இலைகளின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள் வரிசையாகத் தொங்கும். நெல்லிக்காயைச் சுருக்கி வைத்தது போன்ற தோற்றம். இலைக்குக் கீழே நெல்லி என்பதால் கீழாநெல்லி; கீழ்க்காய் நெல்லி என்றும் வழங்குவர். மலாய்க்காரர்கள் இதை 'டுக்கோங் அனாக்' என்கின்றனர். குழந்தையைத் தூக்கிச் சுமத்தல் என்று பொருள். சீன மொழியில் 'யே சியா சூ', அதாவது இலையடி முத்து. நம் நாட்டின் மூன்று இனத்தாரும் தத்தம் மொழியில் ஒரே காட்சியைக் கண்டு பெயர் வைத்துள்ளனர். அறிவியல் பாடத்தையும் மொழிப் பாடத்தையும் ஒருங்கே நடத்த இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஏடுகளில் கீழாநெல்லி

சித்த மருத்துவத்தில் கீழாநெல்லி காமாலைக்கு உரிய மூலிகையாக நெடுங்காலமாக வழங்கி வருகிறது. செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலந்து கொடுப்பது வழக்கம். அத்துடன் உப்பு, புளி, எண்ணெய் நீக்கிய பத்தியமும் உண்டு.

ஐரோப்பியர் கண்ணிலும் இச்செடி முன்னரே பட்டுவிட்டது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி நாட்டு வைத்தியர்களின் துணையோடு தகவல் திரட்டினார். 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 'கிர்கனேலி' என்ற பெயரில் இடம்பெற்றிருப்பது மலையாளத்தின் கீழார்நெல்லிதான்.

ஆனால், பெயரில் ஒரு சிக்கலும் உண்டு. இலையடியில் காய் தாங்கும் சிறு செடிகள் ஒன்றல்ல, பல. நம்மூரில் காணப்படுபவற்றைப் 'பில்லாந்தஸ் நிரூரி' என்ற ஒரே பெயரால் நெடுங்காலம் எழுதி வந்தனர். அப்பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது என்பதைத் தாவரவியலார் பின்னர் தெளிவுபடுத்தினர். நாம் கீழாநெல்லி என்று பிடுங்குவது பெரும்பாலும் 'பில்லாந்தஸ் அமரஸ்'. தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருக்கும் 'பில்லாந்தஸ் யூரினேரியா' வேறொன்று. ஒன்றுக்குச் சொன்ன குணம் மற்றொன்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது.

சென்னையும் பிலடெல்பியாவும்

இனி வரலாற்றின் முக்கியமான பகுதிக்கு வருவோம். 1960களில் அமெரிக்க மருத்துவ அறிவியலார் பரூக் புளூம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதப் பொருள் ஒன்றைக் கண்டார். அது ஹெப்படைடிஸ் பி கிருமியின் மேலுறை என்பது பின்னர் தெரியவந்தது. ஆண்டுக்கணக்கில் வெளியில் தெரியாமல் கல்லீரலில் தங்கி, முடிவில் கல்லீரல் சுருக்கத்தையோ புற்றுநோயையோ உண்டாக்கக்கூடிய கிருமி அது. இக்கண்டுபிடிப்புக்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் இர்விங் மில்மனும் சேர்ந்து அக்கிருமிக்குத் தடுப்பூசி செய்யும் வழியையும் 1969இல் வகுத்திருந்தனர்.

இதே காலக்கட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் நம் மூலிகைகளின் பக்கம் பார்வையைத் திருப்பினார். பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர் இவர். கரிசலாங்கண்ணியும் கீழாநெல்லியும் சோதனைக் குழாயில் ஹெப்படைடிஸ் பி கிருமியின் மேலுறைப் புரதத்தை என்ன செய்கின்றன என்று அவர் குழுவினர் சோதித்து, 1982இல் முடிவை வெளியிட்டனர். பிலடெல்பியாவில் இருந்த புளூம்பெர்க்கின் ஆய்வுக்கூடமும் கீழாநெல்லியை ஆராய்ந்தது. கீழாநெல்லிச் சாறு அக்கிருமி பெருகத் தேவையான நொதியைத் தடுக்கிறது என்று 1987இல் அங்கிருந்து ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. தடுப்பூசிக்கு வழி வகுத்த அதே மில்மனின் பெயர் அக்கட்டுரையிலும் உண்டு. நம் பாட்டிமார் மோரில் கலக்கிய செடியை நோபல் பரிசு பெற்றவரின் ஆய்வுக்கூடம் கையில் எடுத்தது!

1988ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் இரு குழுவினரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. கிருமியைத் தாங்கியிருப்போரில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் கீழாநெல்லித் தூளும், மற்றொரு பகுதியினருக்கு மருந்தில்லாப் போலித் தூளும் கொடுத்துப் பார்த்தனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. நூற்றுக்கு 59 பேர். போலித் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே வியந்தது. இன்றும் கீழாநெல்லியைப் புகழ்வோர் எடுத்துக் காட்டுவது இந்த எண்களைத்தான்.

மீண்டும் செய்து பார்த்தபோது

ஆனால், அவர்கள் கதையை அத்துடன் நிறுத்திவிடுகின்றனர். அறிவியலில் ஒரு முறை கிடைத்த விடை போதாது. வேறு இடத்தில், வேறு கைகளில் அதே விடை மீண்டும் வர வேண்டும். 1990இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் அதே மூலிகையைக் கிருமி தாங்கியோரிடம் சோதித்தனர். கிருமி அகலவில்லை. அம்முடிவும் அதே லான்செட் இதழில் வெளிவந்தது. 1994இல் நியூசிலாந்திலும் அது பயன் தரவில்லை. செடியின் இனம், வளர்ந்த மண், பறித்த பருவம், பதப்படுத்திய முறை என வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் கூறப்பட்டன. 2011இல் 16 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வு, உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனமில்லை. சென்னை ஆய்வாளர்கள் நம் மூலிகையைக் கண்மூடிப் புகழவில்லை, ஏளனமும் செய்யவில்லை. உலகத்தார் முன் வைத்து, சோதித்துப் பாருங்கள் என்றனர். பாரம்பரியத்துக்கு இதைவிட உயர்ந்த மரியாதை வேறில்லை. வந்த விடையை ஏற்றுக்கொள்வதும் அம்மரியாதையின் ஒரு பகுதிதான்.

பாட்டி கண்டது பொய்யா?

"எங்கள் தாத்தாவுக்குக் குணமாயிற்றே!" என்று கேட்கலாம். அதுவும் பொய்யன்று. விடை வேறிடத்தில் உள்ளது. மஞ்சள் காமாலை என்பது தனியொரு நோயன்று. அது ஓர் அறிகுறி. பித்தநிறப் பொருள் இரத்தத்தில் மிகும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அதற்குக் காரணங்கள் பல.

அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைடிஸ் ஏ ஒரு காரணம். பெரும்பாலோருக்கு அது சில வாரங்களில் தானே தணியும். ஹெப்படைடிஸ் பி தொற்றும் உடல்நலமுள்ள பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோருக்குத் தானே நீங்கிவிடும். தோட்டப்புறங்களில் மருத்துவமனை தொலைவில் இருந்த காலத்தில், காமாலை கண்டவர் கீழாநெல்லி குடித்தார், ஓய்வெடுத்தார், எழுந்தார். குடிக்காதிருந்தாலும் பெரும்பாலோர் எழுந்திருப்பர். மருந்தில்லாப் போலித் தூளையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

ஆனால், பித்தக்கல் அடைப்பால் வரும் காமாலையும், எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலில் வரும் காமாலையும், புற்றுநோயால் வரும் காமாலையும் கீழாநெல்லிக்காகக் காத்திருப்பதில்லை. கண் மஞ்சளானதும் பத்து நாள் மோர் குடித்துப் பார்ப்போம் என்பது, சில வேளைகளில் அந்தப் பத்து நாளை இழப்பதாகும்.

1989 என்னும் எல்லைக்கோடு

ஹெப்படைடிஸ் பி கிருமி பெரியவரை விட்டு எளிதில் நீங்கும். ஆனால், பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால்தான் குழந்தை பிறந்தவுடன் முதல் ஊசி போடப்படுகிறது. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 1989 முதல் வழங்கப்பட்டு வருகிறது. கீழாநெல்லியால் இயலாததை, புளூம்பெர்க்கும் மில்மனும் தொடங்கிய அந்த மற்றொரு வழி நம் பிள்ளைகளுக்குச் செய்து வருகிறது.

அப்படியானால் 1989க்கு முன் பிறந்தவர்கள்? நம் மாணவர்களின் பெற்றோரில் பலர், தாத்தா பாட்டிமார் அனைவர், ஆசிரியர்களில் பலர் அந்தக் கோட்டுக்கு மறுபுறம் உள்ளவர்கள். கிருமி உடலில் இருந்தாலும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது; கண் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்திருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனை விடை சொல்லிவிடும். கிருமி இருப்பது தெரிந்தால் அதை அடக்கி வைக்க இன்று நல்ல மாத்திரைகள் உள்ளன.

பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டியவை

1. கண் அல்லது தோல் மஞ்சளானால் முதலில் கிளினிக், மூலிகை பிறகு. தூக்கக் கலக்கம், மனக்குழப்பம், இடைவிடாத வாந்தி, இரத்தக்கசிவு, வெளிறிய மலம், கடுங்காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

2. பிறந்த குழந்தையின் காமாலைக்குக் கீழாநெல்லியோ வேறெந்த மூலிகையோ கொடுக்கக் கூடாது. வெயிலில் காட்டுவதும் சிகிச்சையாகாது. அளவு மீறிய காமாலை மூளையையும் செவியையும் கெடுத்துவிடும். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தோன்றினால் அது அவசரம். நம் மருத்துவமனைகளில் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு சோதிக்கப்படுகிறது. அக்குறைபாடுள்ள குழந்தைக்குப் பாச்சை உருண்டையும் சில மூலிகைகளும்கூடத் தீங்கு செய்யும். வீடு தேடி வரும் தாதியரின் சொல்லைத் தட்டாதீர்கள்.

3. கருவுற்றோர் தவிர்க்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்து உண்போர் மருத்துவரிடம் சொல்லாமல் உண்ணக் கூடாது. இம்மூலிகை சிறுநீரைப் பெருக்கும். இரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடும் என்பதால் மருந்தோடு சேர்ந்து அளவு மீறலாம்.

4. ஹெப்படைடிஸ் பி மாத்திரை உண்போர் மூலிகையை நம்பி அதை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நோய் சீறி எழும்.

5. கடும் பத்தியம் வேண்டாம். கல்லீரல் தேறி வரச் சத்துள்ள உணவு தேவை.

6. சாலையோரத்திலும் கால்வாய்க் கரையிலும் பறிக்காதீர்கள். அங்கே களைக்கொல்லி தெளித்திருப்பார்கள், எலியும் நடமாடும்.

7. கடையில் தூளாகவோ மாத்திரையாகவோ வாங்கினால் 'எம்ஏஎல்' பதிவு எண்ணைப் பாருங்கள். பாரம்பரிய மருந்தாயின் அவ்வெண் 'டி' என்ற எழுத்தில் முடியும். பாதுகாப்பும் தரமும் பார்த்துப் பதிந்ததற்கு அது அடையாளம். நோய் தீரும் என்பதற்கான உறுதிமொழி அன்று.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் கீழாநெல்லியை வகுப்புக்குக் கொண்டு வரலாம். மாணவர் இலையைத் திருப்பிப் பார்க்கட்டும். மும்மொழிப் பெயரையும் ஒப்பிடட்டும். ஆனால், வாயில் வைக்க வேண்டாம். "ஒருவருக்குக் குணமாயிற்று" என்பதற்கும் "அதனால் குணமாயிற்று" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உயர்நிலை மாணவர்களுக்கு விளக்க இச்செடியின் வரலாறே போதும்.

ஆண்டுதோறும் ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1925இல் புளூம்பெர்க் பிறந்த நாள் அது. பள்ளியில் பெற்றோரைச் சந்திக்கும்போது, 1989க்கு முன் பிறந்தவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டார்களா என்று ஒரு சொல் கேட்போம். அதற்கு அந்த நாள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.