குளிர் வாங்கித் தந்த நிமிடங்கள்

பிறந்து சில நாளே ஆன குழந்தையின் இதயம் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதைத் திறந்து சரிசெய்ய வேண்டுமென்றால் உள்ளே ரத்தம் ஓடக்கூடாது. ரத்தம் நின்றாலோ, நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமாக ஆரம்பித்துவிடும். அப்புறம் சர்ஜன் எப்படித்தான் வேலை செய்வது? இதற்கு மருத்துவ உலகம் கண்ட பதில்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே குறிப்பெடுத்து வருகிறேன். முதல் பதில்: குளிர்.

கனடாவின் டொரான்டோவில் வில்ஃப்ரெட் பிக்லோ நாய்களை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துப் பார்த்து, 1950இல் முடிவுகளை வெளியிட்டார். கணக்கு எளிது. உடல் வெப்பம் 10 டிகிரி இறங்கினால் உறுப்புகளுக்கு வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பசி குறைந்தால் பட்டினியைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கலாம் இல்லையா, அதே மாதிரிதான். 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியை இப்படிக் குளிர்வித்து, ஐந்தரை நிமிடத்துக்குள் இதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். சிறுமி பிழைத்தாள்.

அடுத்த ஆண்டே ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை வைத்து வெற்றிகரமாக அறுவை சிகிச்சை செய்துவிட்டார். பெரியவர்களுக்கு வழி திறந்தது. பச்சைக்குழந்தைக்கு? மூன்று கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். அந்தக் கால இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே அதைவிடப் பல மடங்கு வேண்டும். அதில் நேரம் கூடக்கூட உடம்பு வீங்கும், நுரையீரலும் சிறுநீரகமும் அடிவாங்கும்.

ஜப்பானில் கியோட்டோ மருத்துவர்கள் 1960களில் இரண்டையும் சேர்த்தார்கள். வெளியிலிருந்து ஐஸ், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இயந்திரம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரீன் லேன் மருத்துவமனையின் பிரையன் பாரட்-பாய்ஸ் 1969 முதல் இந்த முறையைக் கைக்கொண்டு 1971இல் எழுதியபோது, மற்ற நாட்டு சர்ஜன்கள் கவனித்தார்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையைச் சுற்றி ஐஸ் பைகள். பிறகு இயந்திரம் மேலும் குளிர்விக்கும். 20 டிகிரியை ஒட்டி வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். அசையாத, ரத்தமில்லாத இதயம் சர்ஜனுக்குக் கிடைக்கும். வேலை முடிந்ததும் இயந்திரத்தால் சூடேற்றுவார்கள்.

குழந்தைகள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். அந்த நிறுத்தத்துக்கு மூளை என்ன விலை கொடுத்தது?

இதைத்தான் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை அளந்து பார்த்தது. 1988 முதல் 1992 வரை, இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவையும் குளிர்வித்தார்கள். ஒன்றில் பெரும்பாலும் ரத்த ஓட்டத்தை முழுசாக நிறுத்தினார்கள், மற்றதில் மெல்லிய ஓட்டத்தை விட்டுவைத்தார்கள். முழுசாக நிறுத்திய குழுவில் வலிப்பு அதிகம் வந்தது. ஒரு வயதில் கைகால் இயக்க மதிப்பெண்ணும் குறைவு. பின்னால் வந்த அலசலில், ஏறக்குறைய 41 நிமிடத்தைத் தாண்டினால்தான் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது.

என்னை யோசிக்க வைத்தது 16 வயதில் எடுத்த முடிவுகள். இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களில் 65 சதவீதம் பேர் படிப்பிலோ நடத்தையிலோ தனி உதவி பெற்றவர்கள். அதாவது, அறுவை அறையில் ஓடிய கடிகாரம் மட்டும் இதை விளக்காது. எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் இன்னொரு காரணத்தைக் காட்டின. இப்படிப்பட்ட இதயத்தோடு மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையின் மூளை, சுமார் ஒரு மாதம் முன்னதாகவே பிறந்த குழந்தையின் மூளை போல முதிராமல் இருக்கிறது. சிலருக்குக் கத்தி படும் முன்பே மூளையில் காயம் இருக்கிறது.

இன்று மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்பிக்கொண்டே அறுவை செய்கிறார்கள். நெற்றியிலும் சிறுநீரகத்துக்கு மேலே முதுகிலும் ஒட்டிய உணரிகள் ஆக்சிஜன் அளவைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் சொன்ன விஷயத்தை அதற்குச் சமமாக வைப்பேன்: இந்தப் பிள்ளைகளின் பேச்சையும் படிப்பையும் வளர வளரத் தொடர்ந்து பரிசோதியுங்கள். இதயம் சரியாகிவிட்டதே என்று விட்டுவிட்டால், வகுப்பில் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருப்போம்.