வாளியில் மொண்ட கடல்

கடல் வெப்ப அலைகள் முன்பைவிட அடிக்கடி வருகின்றன என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். முன்பு எத்தனை தடவை வந்ததுன்னு யார் எண்ணி வைத்தார்கள்? செயற்கைக்கோள் மூலம் உலகக் கடல்பரப்பின் தினசரி வெப்பநிலை கிடைக்க ஆரம்பித்ததே 1980களின் தொடக்கத்தில்தான்.

அதற்கு முன்னால் வாளி. கலிஃபோர்னியாவில் லா ஹோயா கடற்கரையில், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தின் கடற்பாலத்தில் நின்று 1916 ஆகஸ்டிலிருந்து தண்ணீரை மொண்டு வெப்பமானியை வைத்துப் பார்க்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல், நாள்தோறும்! 1931 ஜூலையில் பதிவான உச்சத்தை 2018 ஆகஸ்ட் 1 அன்றுதான் கடல் தாண்டியது: 25.9 டிகிரி செல்சியஸ். ஐல் ஆஃப் மேன் தீவின் போர்ட் எரினில் 1904லிருந்தே கணக்கு இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்கள் உலகத்திலேயே சில மட்டும்தான்.

நடுக்கடல் கணக்கு இவ்வளவு சுத்தம் கிடையாது. பழைய வரைபடத்தில் 1945 கடைசியில் உலகச் சராசரி திடீரென சுமார் 0.3 டிகிரி விழும். கடல் குளிர்ந்துவிட்டதா? இல்லை. டேவிட் தாம்சன் குழுவினர் 2008ல் காரணத்தைச் சொன்னார்கள். போரின்போது ஏறக்குறைய 80 சதவீத அளவுகள் அமெரிக்கக் கப்பல்களுடையவை. இயந்திர அறைக்குள் இழுக்கும் நீரில் எடுத்தவை, கொஞ்சம் சூடாகவே காட்டும். போர் முடிந்ததும் பாதி அளவுகள் பிரிட்டிஷ் கப்பல்களிலிருந்து வந்தன. அவர்களிடம் இருந்தது வாளி. மேலே தூக்கும்போதே காற்றுபட்டு, மண்பானைத் தண்ணீர் மாதிரி, நீர் ஆறிவிடும். டேட்டா வரும் வழி மாறினால் என்ன ஆகும்னு எங்க தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சரி, எதை வெப்ப அலை என்று எண்ணுவது? 2016ல் அலிஸ்டர் ஹாப்டே முதலானோர் தந்த வரையறை: 30 வருஷக் கணக்கில் அதே தேதிக்குரிய வெப்பநிலைகளில் மேல் பத்து சதவீத எல்லையைத் தாண்டி, குறைந்தது 5 நாள் நீடிக்க வேண்டும். நடுவில் ரெண்டு நாள் இறங்கி ஏறினாலும் ஒண்ணுதான். குளிர்காலத்திலும் வரலாம்.

இதைக் கொண்டு எரிக் ஆலிவர் குழு 2018ல் பழைய பதிவுகளைத் துழாவியது. 1925 முதல் 2016 வரையில் அலைகளின் எண்ணிக்கை 34 சதவீதம் கூடியிருக்கிறது, நீளம் 17 சதவீதம். இரண்டும் சேர, வருடாந்திர வெப்ப அலை நாட்கள் 54 சதவீதம் அதிகம்.

இதிலும் ஒரு சண்டை உண்டு. கடலே மெல்லச் சூடாகும்போது பழைய 30 வருஷத்தையே அளவுகோலாக வைத்தால், ஒரு கட்டத்தில் எல்லா நாளும் வெப்ப அலைதானே என்கிறார்கள். அளவுகோலையும் நகர்த்தணுமாம். புள்ளியியலுக்கு அது நியாயம்தான். ஆனால் உயிர்களுக்கு அது பொருந்துமா? மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 வெப்ப அலைக்குப் பின் சுமார் 100 கிலோமீட்டர் கரையோரத்தில் கெல்ப் பாசிக்காடு அழிந்தது. தண்ணீர் பழைய நிலைக்குத் திரும்பியும், ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது அது முளைக்கவில்லை.