ஒண்ணேமுக்கால் அங்குலம்

மார்ச் கணக்கு முடிச்சு மூச்சு விட இப்பதான் நேரம் கிடைச்சுது. பேங்க்காரனுக்குத் தீபாவளி, பொங்கலை விடப் பெரிய பண்டிகை மார்ச் 31. பட்டாசு மட்டும் கிடையாது, மத்தபடி வெடிக்கிறதெல்லாம் வெடிக்கும்.

போன வாரம் எங்க கிளையைப் புது இடத்துக்கு மாத்துறதுக்காகக் கம்ப்யூட்டர் ரேக் பத்தி ஒரு கொட்டேஷன் மேசைக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு. பி.காம். படிச்ச ஆளுக்கு ஒயர் சொருகுற பலகையோட சரித்திரம் எதுக்குன்னு தங்கமணி கேட்டாச்சு. காரணம் இருக்கு, சொல்றேன்.

உங்க ஆபீஸ்ல மூலையில ஒரு இரும்பு அலமாரி இருக்கும். உள்ளே வரிசையா ஓட்டைகள், அதுல நீலமும் சாம்பலுமா ஒயர்கள் தொங்கும். அந்த ஓட்டைப் பலகைக்குப் பேரு பேட்ச் பேனல். சுவருக்குள்ள ஓடிவர்ற கேபிளெல்லாம் அதோட முதுகுல வந்து முடியும். முன்பக்கத்துல இருந்து சின்ன ஒயர் போட்டு ஸ்விட்ச்சுல இணைப்பாங்க. இதுல புத்தி எதுவும் கிடையாது, கரண்ட்கூட வேண்டாம். ஆனா ஒரு சாண் இடத்துல எத்தனை ஓட்டை அடக்கலாம்னு நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க.

ஆரம்பம் 1878 ஜனவரி, அமெரிக்காவுல நியூ ஹேவன். ஜார்ஜ் காய்ங்கிறவர் முதல் வியாபார டெலிபோன் எக்ஸ்சேஞ்சைத் திறந்தார். 21 சந்தாதாரர்கள், 8 லைன். சுவிட்ச்போர்டை அவர் கையில கிடைச்ச வண்டி போல்ட்டையும் கம்பியையும் வச்சுத்தான் செஞ்சாராம். நம்ம ஊர்ல கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ்ல எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-ல. கல்கத்தாவுல தொடங்கும்போது 93 பேர்தான் சந்தாதாரர்கள்.

21 பேருக்கும் 93 பேருக்கும் பிரச்சினை இல்லை. ஆயிரக்கணக்குல ஆகும்போதுதான் சிக்கல் வந்தது. எங்க பெரியத்தை திருச்சியில டிரங்க் கால் போடுற ஆபரேட்டரா இருந்தவங்க. ஆர்டினரி, அர்ஜண்ட், லைட்னிங்னு மூணு விதமா கால் புக் பண்ணின காலம் உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயசுல அத்தைகிட்ட, "அந்த போர்டு எவ்வளவு பெரிசு அத்தே?"ன்னு கேட்டா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுவாங்க. "இதுக்கு மேல கிடையாதுடா. இதுக்கு மேல வச்சா எவ எட்டிச் சொருகுறது?"

அத்தை விளையாட்டாச் சொன்னதுதான் அந்தக் காலத்து எஞ்சினியருங்களுக்கும் தலைவலி. உள்ளூர் எக்ஸ்சேஞ்சுல மல்டிபிள் போர்டுன்னு ஒரு ஏற்பாடு. எந்த ஆபரேட்டர்கிட்ட கால் வந்தாலும், ஊர்ல இருக்கிற எல்லா சந்தாதாரரோட ஓட்டையும் அந்தம்மா கைக்கு எட்டணும். அதனால மொத்த ஓட்டைகளையும் சில இருக்கைகளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வச்சாங்க. ஊர் வளர்ந்தா ஓட்டையும் கூடும். ஆபரேட்டரோட கை வளருமா? வளராது. அப்ப ஓட்டைதான் சின்னதாகணும். இருபது இருபது ஓட்டையா ஒரு பட்டையில கோத்து, அந்தப் பட்டைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, நெருக்கி நெருக்கி, ஒரு போர்டுல சுமார் 10,000 லைன் வரைக்கும் கொண்டு வந்தாங்க. அதுக்கு மேல போகணும்னா இன்னொரு எக்ஸ்சேஞ்ச் கட்டணும், நடுவுல இணைப்பு லைன் இழுக்கணும், ரெண்டு ஆபரேட்டர் வேணும். ஒரு நகரத்தோட டெலிபோன் செலவை ஒரு பொண்ணோட கை நீளம் தீர்மானிச்சிருக்கு. காஸ்ட் அக்கவுண்டன்சி புத்தகத்துல இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரலை.

அடுத்தது இரும்புச் சட்டம். 19 அங்குல ரேக்னு இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கிறது, 1922 வாக்குல அமெரிக்க டெலிபோன் கம்பெனியான ஏ.டி.அண்ட்.டி. தன் எக்ஸ்சேஞ்சுல இடத்தை மிச்சம் பிடிக்கக் கொண்டுவந்தது. அகலம் 19 அங்குலம். உயரத்தை ஒண்ணேமுக்கால் அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர் கணக்குல அளப்பாங்க. இதைத்தான் ஒரு 'யூ'ன்னு சொல்றது. 6 யூ ரேக்னா ஆறு ஒண்ணேமுக்கால். கூகுளோட டேட்டா சென்டர் வேணும்னா தனி அளவு வச்சுக்கலாம், நம்ம மாதிரி கிளைக்கு இன்னும் இதே அளவுதான். இந்த ஒண்ணேமுக்காலை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுதான் என் காலை வாரிவிட்டது.

ஓட்டையைச் சின்னதாக்கினா மட்டும் போதாது, பின்னாடி ஒயரைக் கட்டவும் இடம் வேணும். திருகாணி வச்சா திருப்புளி நுழைய இடம் விடணும். ஈயம் வச்சுப் பத்தவைக்கணும்னா அதை விட மோசம். 1970-கள்ல பெர்லின்ல இருந்த க்ரோன் கம்பெனி எல்.எஸ்.ஏ.ன்னு ஒரு பட்டையைக் கொண்டுவந்தது. அந்த ஜெர்மன் சுருக்கத்துக்கு அர்த்தமே 'பத்தவைப்பு வேண்டாம், திருகாணி வேண்டாம், தோலுரிக்க வேண்டாம்'. ஒயரை வெள்ளி பூசின தகட்டுப் பிளவுல வச்சு ஒரு அமுக்கு அமுக்கினா, தகடே தோலை வெட்டித் தாமிரத்தைப் பிடிச்சுக்கும். நம்ம டெலிபோன் லைன்மேன்கள் இடுப்புல க்ரோன் டூல்னு சொருகி வச்சிருப்பாங்களே, அது இதுக்குத்தான். பேட்ச் பேனலோட முதுகுலயும் இதே தத்துவம்தான்.

முன்பக்கம் வந்த புரட்சி, நம்ம போன் ஒயர் முனையில இருக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பிளக். 'டிக்'னு மாட்டும், நாக்கை அமுக்கினா வெளியே வரும். அமெரிக்க பெல் கம்பெனியோட சரக்கு. 1970-கள்ல பரவுச்சு. இதோட எட்டுக் கம்பி அண்ணனைத்தான் நாம ஆர்.ஜே.45ங்கிறோம். டெலிபோன்ல முதல் லைன் எப்பவும் நடு ரெண்டு கம்பியில. ரெண்டாவது லைன் அதைச் சுத்தி, அடுத்த வெளிப்பக்கத்து ரெண்டு கம்பியில. கம்ப்யூட்டர்காரங்க இதே பிளக்கை எடுத்துக்கிட்டப்ப, 1990-ல, டெலிபோனோட சண்டை வேண்டாம்னு நடு ரெண்டையும் விட்டுட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறுன்னு எடுத்தாங்க. அதனாலதான் இன்னைக்கும் பச்சை ஜோடி மட்டும் நீல ஜோடிக்கு ரெண்டு பக்கமும் காலை அகட்டி நிக்குது. வேகம் கூடக் கூட இந்த அகட்டல்னால பக்கத்து ஜோடியோட பேச்சு இதுல கேக்க ஆரம்பிச்சு, அதைச் சரிக்கட்ட ஜாக்குக்குள்ள தனியா வேலை செய்ய வேண்டியதாச்சு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினை, பேரன் கட்டுற வரி.

ஒரு யூ உயரத்துல இந்த ஓட்டைகளை ஒரே வரிசையா 24 வைக்கலாம். ரெண்டு வரிசையா 48. கணக்குப் போட்டா ஓட்டைக்கு 18 மில்லிமீட்டர் சொச்சம் அகலம். நம்ம விரல் நுழையணுமே! அதனால டெலிபோன்காரங்களோட பழைய சரக்கு ஒண்ணைக் கொண்டுவந்தாங்க: 25 ஜோடிக் கேபிள், 50 முள்ளு இருக்கிற பட்டையான கனெக்டர். அப்போ நெட்வொர்க்குக்கு லைனுக்கு ரெண்டு ஜோடி போதும். ஆக ஒரே பிளக்குல 12 லைன். சிஸ்கோகூட 48 லைனை நாலே கனெக்டர்ல அடக்கி ஒரு கார்டு போட்டது. முன்னாடி 48 ஒயர் தொங்குற இடத்துல தடியா நாலு ஒயர். அழகான யோசனை. ஆனா 1999-ல கிகாபிட் வந்தது, அதுக்கு நாலு ஜோடியும் வேணும். பன்னிரண்டு ஆறாச்சு. அப்புறம் ஆறு கிகாபிட் லைனைச் சின்ன பிளக்குல அடக்குற எம்.ஆர்.ஜே.21 வந்தது. ஆனா அந்தக் கேபிள்ல ஒரு லைன் கெட்டா ஆறையும் கழட்டணும். கூட்டுக் குடும்பம் மாதிரி. சௌகரியமும் அதுதான், சங்கடமும் அதுதான். நம்ம கிளைகள் பக்கம் இதெல்லாம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

கண்ணாடி இழைக் கதையும் இதேதான், வேகமாச் சொல்லிடறேன். ஜப்பான் என்.டி.டி.யோட எஸ்.சி. கனெக்டர்ல நடுத்தண்டு 2.5 மில்லிமீட்டர். 1990-கள் கடைசியில லூசென்ட் அதைப் பாதியாக்கி 1.25-ல எல்.சி. கொண்டுவந்தது. இப்ப ஒரு யூவுக்குள்ள 144 இழை சாதாரணமா அடக்கறாங்க. அவ்வளவு நெருக்கத்துல விரல் நுழையாதுங்கறதால, பிளக்குக்குப் பின்னாடி ஒரு வால் வச்சு, அதை இழுத்தாக் கழண்டு வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க. ஓட்டை சின்னதாகும்போதெல்லாம் கடைசியில விரல் வந்து குறுக்கே நிக்கும்.

இனி என் கதை. 2013, நாக்பூர். ஒரு கிளையில நான் ரெண்டாவது ஆபீசர். லாக்கருக்கு ஏகப்பட்ட கிராக்கி. ஒரு லாக்கர் அலமாரி கூடுதலா வச்சா வாடகை வரும். அதுக்காகத் தரையில நின்ன பெரிய ரேக்கை எடுத்துட்டு, கதவுக்கு மேல சுவர்ல 6 யூ பெட்டி ஒண்ணு மாட்ட முடிவு பண்ணினோம். கொட்டேஷன்ல பேனலுக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவுல கேபிள் மேனேஜர்னு ரெண்டு அயிட்டம், ஆளுக்கு ஒரு யூ. ஒயரை ஒழுங்கா வளைச்சு வைக்கிற வெறும் சட்டம். "வெறும் காலி இடத்துக்குக் காசா?"ன்னு பேனா எடுத்து அடிச்சவன் நான்தான். ரெண்டு ஒண்ணேமுக்கால், மூணரை அங்குலம், ஒரு ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம். அன்னைக்கு ரொம்பப் பெருமையா இருந்தது.

2013 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை. ஏப்ரல் 1 கணக்கு முடிப்புக்காக வாடிக்கையாளர்களுக்கு விடுமுறை. மார்ச் மாச பென்ஷன் வேற ஏப்ரல்லதான் வரும். ரெண்டாந்தேதி காலையில ஒன்பதரைக்கே வாசல்ல தாத்தா பாட்டிங்க கூட்டம். பத்தே காலுக்கு ஒரு கவுண்டர்ல நெட்வொர்க் போச்சு. ஒரு பையன் வந்தான். ஏணி போட்டு ஏறிப் பெட்டியைத் திறந்தான். லேபிள் எல்லாம் ஒயர் குவியலுக்குள்ள. விலக்கிப் பார்க்க விரல் நுழையலை. ஒண்ணை இழுத்தான், பக்கத்துல இருந்ததோட நாக்கு உடைஞ்சு அதுவும் கழண்டது. எது எங்கே இருந்ததுன்னு தெரியாம அவசரத்துல மாட்டினதுல, ஒரே ஒயரோட ரெண்டு முனையும் அதே ஸ்விட்ச்சுல போயிடுச்சு. அனுப்பின தகவல் அதுக்குள்ளேயே வட்டமடிச்சு வட்டமடிச்சுப் பெருகி, எல்லா கவுண்டரும் படுத்துடுச்சு. கண்டுபிடிச்சுச் சரி பண்ணும்போது மணி ரெண்டே முக்கால்.

முன் பெஞ்சுல ரயில்வேயில இருந்து ரிட்டையரான ஒரு பெரியவர், கையில மருந்துச் சீட்டோட உட்கார்ந்திருந்தார். மனைவி ஆஸ்பத்திரியில. பன்னிரண்டு மணிக்கு மேல மனசு கேக்காம நான் பர்சைத் திறந்து, "காகா, இதை வச்சுக்கோங்க, அப்புறம் தாங்க"ன்னேன். அவர் மராத்தியில சொன்னது இன்னும் காதுல இருக்கு: "என் காசு உள்ளே இருக்கு சார். எனக்கு எதுக்குக் கடன்?" கோபமே இல்லாமச் சொன்னார். அந்தப் பையன் மேல எல்லாரும் பாய்ஞ்சாங்க. நானும் அன்னைக்கு ஏணி கிட்ட நின்னு நாலு வார்த்தை கத்தினேன். கொட்டேஷன்ல நான் அடிச்ச கோடு ஃபைல்லதான் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கலை. நானும் எடுத்துக் கொடுக்கலை.

மூணு மணிக்குப் பணம் வாங்கிட்டு, எண்ணிப் பார்த்துட்டு, எனக்கு ஒரு நமஸ்காரம் வச்சுட்டுப் போனார். அதுக்கப்புறம் அடுத்த மாச பென்ஷனுக்கு மகன்தான் வந்தார். நான் எதுவும் கேக்கலை.

அதனாலதான் போன வாரம் வந்த கொட்டேஷனை இத்தனை நேரம் பார்த்தேன். 12 யூ ரேக், தரையில. சாய்வா வச்ச பேனல், ஒயர் நேரா பக்கவாட்டுல போயிடும், மேனேஜருக்கு இடமும் மிச்சம். ஆனாலும் கூட ரெண்டு மேனேஜர் நானே சேர்த்து எழுதினேன். ஒரு லாக்கர் அலமாரி குறையும். வாடகை நஷ்டம் ஏன்னு மேலிடத்துல இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு, இன்னும் பதில் போடலை.

பேனல் படத்தை அத்தைக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். எண்பதைத் தொட்டாச்சு, வலது தோள் இன்னும் வலிக்குதாம். ராத்திரி போன் பண்ணாங்க.

"என்னடா, இத்தனூண்டு ஓட்டை! எத்தனை இருக்கு?"

"நாப்பத்தெட்டு அத்தே."

"உக்காந்து சொருகணுமா, நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தான்."

"விளக்கு இருக்கா அங்கே?"

நான் கொட்டேஷனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். விளக்கு இல்லை. நாளைக்குச் சேர்க்கணும்.