ஒரு ஃபேஸ்புக் பதிவும் பங்குச்சந்தைச் சட்டமும்

அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி. 2000 அக்டோபரில் ஒரு விதியை அமலுக்குக் கொண்டுவந்தது. பெயர் ரெகுலேஷன் எஃப்.டி. அதுக்கு முன்னாடி அங்கே என்ன நடந்ததுன்னா, லாபம் கூடுமா குறையுமா என்பதைக் கம்பெனிக்காரர்கள் பெரிய தரகு நிறுவனங்களின் ஆய்வாளர்களுக்குப் போனில் முதலில் சொல்லிவிடுவார்கள். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கு விஷயம் தெரியும்போது விலை ஏறி இறங்கி முடிஞ்சிருக்கும். முக்கியமான தகவலை ஆய்வாளருக்கோ பெரிய முதலீட்டாளருக்கோ சொன்னால் ஊருக்கே சொல்லணும் என்பதுதான் விதி.

சரி, ஊருக்குச் சொல்றதுன்னா எங்கே சொல்றது?

2012 ஜூலை 3 அன்று நெட்ஃபிளிக்ஸ் தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ் தன் சொந்த ஃபேஸ்புக் பக்கத்தில் சின்னதாக ஒரு பதிவு போட்டார். ஜூன் மாதத்தில் வாடிக்கையாளர்கள் பார்த்த நேரம் முதல்முறையாக 100 கோடி மணி நேரத்தைத் தாண்டிவிட்டது என்பது செய்தி. பத்திரிகை அறிக்கை இல்லை, ஆணையத்தில் தாக்கலும் இல்லை. பதிவு வந்தபோது 70.45 டாலராக இருந்த பங்கு, அடுத்த வர்த்தக நாள் முடிவில் 81.72. (ஏற்றம் பதிவுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று ஆணையமே எழுதியிருக்கிறது.) டிசம்பரில் ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்னைப் பின்தொடர்கிறார்கள், அது பகிரங்கம்தானே என்பது ஹேஸ்டிங்ஸின் வாதம். கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பங்கு வச்சிருக்கிறவர் அவருடைய ஃபேஸ்புக்கை எதுக்குப் போய்ப் பார்க்கணும்? பாருங்கன்னு கம்பெனி அதுவரை சொல்லவே இல்லையே!

2013 ஏப்ரல் 2-இல் வந்த ஆணைய அறிக்கை இந்த இடத்தைத்தான் பிடித்தது. நடவடிக்கை எதுவும் இல்லை. சமூக ஊடகத்தில் சொல்லலாம், ஆனால் எந்தக் கணக்கில் சொல்வோம் என்பதை முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும். இணையதளங்களுக்கு 2008-இல் சொன்னதைத்தான் இதற்கும் நீட்டினார்கள்.

அந்த வழியில் நடந்த கம்பெனிகளில் டெஸ்லாவும் ஒன்று. எலான் மஸ்க்கின் ட்விட்டர் கணக்கைக் கவனியுங்கள் என்று 2013 நவம்பரிலேயே ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டது. 2018 ஆகஸ்ட் 7-இல் மஸ்க், டெஸ்லாவை 420 டாலர் விலையில் தனியார் கம்பெனியாக்க யோசிப்பதாகவும் பணம் உறுதியாகிவிட்டதாகவும் ட்வீட் போட்டபோது, அவரை 2.2 கோடிப் பேர் பின்தொடர்ந்தார்கள். அடுத்த மாதம் ஆணையம் வழக்கு போட்டது. பலரும் இதை எஃப்.டி. வழக்குன்னு நினைக்கிறாங்க, அது தப்பு. மஸ்க் மேல் மோசடித் தடைப் பிரிவு. டெஸ்லா மேல், அவருடைய ட்வீட்களைச் சரிபார்க்க ஏற்பாடே இல்லை என்ற குற்றச்சாட்டு. எங்கே சொன்னார் என்பதில் சிக்கலே இல்லை. சொன்னது உண்மையா என்பதுதான் கேள்வி.

சமரசத்தில் ஆளுக்கு 2 கோடி டாலர் அபராதம். மஸ்க் சேர்மன் பதவியை விட்டார். முக்கியமான ட்வீட்களுக்கு முன் அனுமதி வாங்கணும் என்றும் ஏற்பாடு. 2019 பிப்ரவரியில் அந்த வருஷம் சுமார் 5 லட்சம் கார் தயாரிப்போம் என்று எழுதி, சில மணி நேரத்தில் அவரே திருத்தினார். ஆணையம் திரும்பவும் கோர்ட்டுக்குப் போக, ஏப்ரலில் எந்தெந்த விஷயங்களுக்கு அனுமதி தேவை என்று ஒரு பட்டியலே போட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

எஃப்.டி. விதி அதன்பிறகும் தூங்கிவிடவில்லை. 2023 ஜூலையில் பந்தயக் கம்பெனி டிராஃப்ட்கிங்ஸின் தலைமை நிர்வாகி கணக்கில், வியாபாரம் நல்லா வளருதுன்னு ஒரு பதிவு. அரை மணி நேரத்துக்குள் நீக்கிட்டாங்க. ஆனால் அதையே எல்லாருக்கும் முறைப்படி அறிவிக்க ஏழு நாள் ஆச்சு. 2024 செப்டம்பரில் 2 லட்சம் டாலர் அபராதம். இத்தனைக்கும் அந்தப் பதிவைப் போட்டது அவர் இல்லை, கம்பெனி அமர்த்தியிருந்த மக்கள் தொடர்பு நிறுவனம்.