வலைத்தளங்களின் அசையும் முன்னுரை: ஒரு வரலாற்று ஆய்வு

நூலுக்கு முன் நிற்பது பாயிரம். நன்னூலார் அதனைப் பொது, சிறப்பு என இருவகைப்படுத்தினார். நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலியவற்றை அறிவித்தல் சிறப்புப்பாயிரத்தின் கடன் என்பதும் அறிஞர் அறிந்ததே. நூலுட் புகுமுன் கற்போன் செலவிடும் காலத்திற்கு ஈடாக அவன் பெறுவது இவ்வறிவே ஆகும்.

1990-களின் இறுதியிலும் 2000-களின் தொடக்கத்திலும் இணையத்தில் வேறொரு வகை முன்னுரை பெருகி நின்றது. ஒரு தளத்தின் முகவரியை இட்டவுடன் அத்தளம் தோன்றாது. இசை முழங்க, எழுத்துகள் பறந்து வந்து கூட, ஒரு சிறு படம் ஓடும். அது முடிந்த பின்னரே உட்புக வழி பிறக்கும். காண்போரின் காலத்தைப் பெற்றுக்கொண்ட அப்படம் ஈடாக எதனைத் தந்தது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இதற்குக் கருவியாய் அமைந்தது பிளாஷ் என்னும் மென்பொருள். ஜோனதன் கே என்பாரும் அவர் கூட்டாளிகளும் பியூச்சர்வேவ் என்னும் சிறு நிறுவனத்தில் இயற்றிய பியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் 1996-இல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியில் மாக்ரோமீடியா நிறுவனம் பியூச்சர்வேவை விலைக்கு வாங்கியது. கருவியும் பிளாஷ் எனப் பெயர் பெற்றது. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமியாது, கோடுகளையும் வளைவுகளையும் கணக்குக் குறிப்புகளாகச் சேமித்தல் இதன் தனிச்சிறப்பு. ஆதலின் கோப்பு மிகச் சிறிதாயிற்று. தொலைபேசிக் கம்பியின் வழியே அசைவோவியம் செல்லுதல் கைகூடிற்று.

ஆயின் சிறுமையால் வரவேற்கப்பெற்ற கருவி விரைவிலேயே பருமை எய்தியது. 1999-இல் வந்த நான்காம் பதிப்பு எம்பி3 இசையை ஏற்றது. ஒளிப்படங்களும் உடன் புகுந்தன. கணக்கிட்டுப் பார்ப்போம். முந்நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு முன்னுரை 2400 கிலோபிட் ஆகும். நொடிக்கு 56 கிலோபிட் கடத்தும் மோடம் தன் முழுவேகத்தில் இயங்கினும் அதனைப் பெற ஏறக்குறைய 43 நொடி வேண்டும், 28.8 கிலோபிட் மோடமாயின் 83 நொடி. இது படம் ஓடும் காலமன்று. ஓடுதற்கு முன் காத்திருக்கும் காலம். அக்காலத்து இங்கிலாந்தில் உள்ளூர்த் தொலைபேசி இணைப்பிற்கும் நிமிடக் கணக்கில் கட்டணம் இருந்தது. நம் நாட்டு உலாவு மையங்களில் மணிக்கணக்கில் கட்டணம் இறுத்தோம். எனவே காலம் என்பது ஈண்டு அணிக்காகக் கூறும் சொல்லன்று. கையிலிருந்து சென்ற காசே ஆகும்.

முன்னுரையை இயற்றியோர் திரைப்படத்தின் தொடக்கப் பெயர்வரிசையைத் தம் முன்மாதிரியாகக் கொண்டனர் எனக் கருத இடமுண்டு. சால் பாஸ் 1954 முதல் அமைத்த பெயர்வரிசைகள் தாமே கலையாக மதிக்கப்பெற்றன. எனினும் இவ்வொப்புமை ஓரளவே பொருந்தும். திரையரங்கில் இருப்போன் சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரத்தைத் தானே ஒதுக்கி வந்தவன். தளத்திற்கு வந்தோனோ ஒரு கடையின் முகவரியையோ, ஒரு பொருளின் விலையையோ தேடி வந்தவன். அன்றியும், படத்தை ஒருவன் பெரும்பாலும் ஒருமுறையே காண்பான். தளத்திற்குப் பத்து முறை வருவான். பத்து முறையும் அதே எழுத்துகள் பறந்தன.

இதன் எதிரொலியாக எழுந்ததே முன்னுரையைத் தவிர்க்கும் பொத்தான். திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அமைந்த இதனை, இயற்றியோரே அளித்த ஒப்புதல் வாக்குமூலம் எனச் சிலர் கொள்வர். அம்முடிபு முற்றும் ஏற்புடைத்தன்று. வெளியேறும் வாயில் உண்மையால் அரங்கில் நிகழும் கூத்துப் பயனற்றது ஆகாது. பொத்தான் மெய்ப்பிப்பது ஒன்றே: காண்போர் அனைவரும் காத்திருக்க மாட்டார் என்பதை இயற்றியோர் அறிந்திருந்தனர். அறிந்தும் வாயிலின் குறுக்கே அதனை நிறுத்தினர் என்பதே வருத்தத்திற்குரியது.

பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 2000 அக்டோபரில் எழுதிய கட்டுரையில், பிளாஷின் பயன் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தீது என்றார். தேவையற்ற அசைவைத் தூண்டுதல், இணையத்தின் இயல்பான வழிமுறைகளைக் குலைத்தல், உள்ளடக்கத்திற்குச் செல்ல வேண்டிய உழைப்பை ஈர்த்தல் என்பன அவர் கூறிய குற்றங்கள். பின் 2002-இல் மாக்ரோமீடியாவே அவர் குழுவை நாடியது. அவர் கூற்று மிகை எனினும் அடிப்படையில் சரியே என்பது எம் கருத்து. பாயிரத்தின் கடன்களை அளவுகோலாகக் கொண்டால் இது விளங்கும்: நிறுவனத்தின் பெயர் ஒன்றையே பலகால் சுழற்றிக் காட்டும் முன்னுரை நுதலிய பொருளையும் பயனையும் கூறாது விடுத்தது. தற்சிறப்புப்பாயிரம் என்பதற்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டு அரிது எனலாம்!

விலக்கும் உண்டு. 2000-இல் ரெக்வியம் ஃபார் எ டிரீம் என்னும் படத்திற்கு ஹை-ரெஸ் குழுவினர் அமைத்த பிளாஷ் தளம் இன்றும் போற்றப்படுகின்றது. அங்கே அசைவு வாயிலன்று, அதுவே இல்லம். வந்தோன் தேடியதும் அவ்வனுபவமே. காபோகார்ப் தளம் 1997-இல் கண்டோரை வியப்பித்ததும் இவ்வாறே. வடிவமைப்பாளன் ஒருவன் தன் திறத்தைக் காட்டுமிடத்தில் அசைவே சான்று. இவற்றைக் கண்டு மயங்கிய உணவகங்களும் கணக்கர் அலுவலகங்களும் அதே ஆடையை உடுத்தியபோதே வழு நேர்ந்தது.

ஆய்வாளர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வெறுத்தோர் எழுதினர்; மகிழ்ந்தோர் பார்த்துவிட்டுச் சென்றனர். ஆகவே எழுத்துச் சான்று வெறுப்பின் பக்கமே சாய்கின்றது. மூலங்களோ மறைந்து வருகின்றன. 2005-இல் மாக்ரோமீடியாவைக் கைக்கொண்ட அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் பிளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கியில் படங்கள் ஓடாவாயின. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பர் முதல் ரஃபிள் என்னும் போலி இயக்கியின் துணைகொண்டு பழைய பிளாஷ் படங்களைக் காட்டி வருகின்றது. அங்ஙனம் காண்கையில் முன்னுரை இமைப்பொழுதில் வந்து, அழகாகவே ஓடுகின்றது. அந்த 43 நொடி அதில் இல்லை; அதனை நாமே கடிகாரத்தை நோக்கிக் கூட்டிக்கொள்ளல் வேண்டும்.