"அத்தான், இப்போ சேரலாமா?"

போன வாரம் காலை நடை முடிந்து காந்தி சிலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தோம். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வூதியர்கள், மீதிப் பேர் கடை கண்ணி வைத்திருப்பவர்கள். அவர்களில் ஒருவர், வயது 66, என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "சார், இந்த வயசுல பி.பி.எஃப். ஆரம்பிச்சா வரியில கழிவு கிடைக்குமா? இல்ல காலம் போயிடுச்சா?"

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். 39 வருடம் அரசு அலுவலகத்தில், அதிலும் பெரும்பகுதி சம்பளப் பட்டியல் பிரிவில், உட்கார்ந்தவனுக்கு இதற்கு ஒரு நாள் தேவையா என்று கேலி. இதே கேள்விக்கு 20 வருடத்துக்கு முன்னால் யோசிக்காமல் பதில் சொன்னவன் நான். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன், இந்தக் கழிவு எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நம் ஊருக்கு இந்திய வருமான வரி வந்த வரலாறே தனி. பிரிட்டிஷ் இந்தியாவில் ஜேம்ஸ் வில்சன் 1860இல் வருமான வரியைக் கொண்டுவந்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால் அந்தச் சட்டத்துக்கு இங்கே வேலை இல்லை. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல்தான் நமக்குப் பொருந்தியது. அப்போது நான் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். ஓய்வூதியம் என்றால் எங்களுக்கு "ரெத்ரேத்". போர்க்களத்தில் படை பின்வாங்குவதற்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பிய சொல்தாக்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கு ரெத்ரேத் வரும் நாளில் தெருவே கொஞ்சம் கலகலப்பாக இருக்கும். முதுமை என்றால் மாதாமாதம் பணம் வரும் காலம் என்றுதான் சிறு வயதில் நினைத்திருந்தேன்.

1971இல் எழுத்தராகச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. எனக்கு ஆங்கிலம் தடுமாற்றம். வருமான வரிப் படிவங்களைப் பார்த்து எழுதி எழுதித்தான் பாதி ஆங்கிலம் கற்றேன் என்றால் நம்புங்கள். நான் முதலில் மனப்பாடம் செய்த பிரிவு 80சி.

முதுமைக்குச் சேமிப்பவருக்கு வரியில் விட்டுக்கொடுப்பது பழைய யோசனை. 1886ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு, வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு வரை விலக்கு இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்தே சலுகை பெற்றன. 80சி என்ற பிரிவு 1968 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

அதே 1968இல் இன்னொன்றும் நடந்தது. அரசு ஊழியருக்கு ஜி.பி.எஃப். உண்டு, ஆலைத் தொழிலாளிக்கு ஈ.பி.எஃப். உண்டு. கடைக்காரருக்கும், தையல்காரருக்கும், தனியாகத் தொழில் செய்யும் வக்கீலுக்கும் என்ன உண்டு? அவர்களும் சேரும்படியாகப் பொது வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. நாம் பி.பி.எஃப். என்று சொல்வது இதைத்தான். 15 வருடத் திட்டம். போடும் பணத்துக்கு வரிக் கழிவு, வட்டிக்கு வரி இல்லை, கையில் வாங்கும்போதும் வரி இல்லை. தொழிலில் கடன்பட்டு வழக்கு வந்தாலும், கடன் கொடுத்தவர் நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி அந்தக் கணக்கில் கை வைக்க முடியாது. ஆரம்பத்தில் வட்டி 4.8 விழுக்காடு. 1986இலிருந்து 2000 ஜனவரி வரை 12 விழுக்காடு என்ற பொற்காலம். 2020 ஏப்ரலில் 7.1க்கு இறங்கியது.

கழிவின் உருவமும் மாறிக்கொண்டே வந்தது. 1990 பட்ஜெட்டுக்குப் பின் 80சி போய், பிரிவு 88 வந்தது. சேமித்த தொகையில் 20 விழுக்காட்டை வரியிலிருந்தே தள்ளிவிடுவார்கள். 2005 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் மறுபடி 80சியைக் கொண்டுவந்தார். 1 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றானது. 2014இல் அது 1,50,000 ஆனது.

இதில் நான் செய்த சேமிப்பு என்ன? சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒன்றுமே இல்லை. ஜி.பி.எஃப். சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். எல்.ஐ.சி. பிரீமியமும் அப்படியே. பிப்ரவரி மாதம் வரிக் கணக்குத் தாளை நானே எழுதி, நானே கூட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் கையெழுத்துக்கு அனுப்புவேன். சேமிக்கலாமா வேண்டாமா என்று ஒரு நாள்கூட நான் யோசித்து முடிவெடுத்ததில்லை. அரசாங்கம் எனக்காக யோசித்தது.

இப்போது என் மைத்துனர் கதைக்கு வருகிறேன். என் மனைவியின் தம்பி. முத்தியால்பேட்டையில் சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், தேர்தல் வந்தால் நோட்டீஸ். 2005 பட்ஜெட் முடிந்த வாரம் வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு 52 வயது.

"அத்தான், 1 லட்சம் வரைக்கும் கழிவுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். எனக்குன்னு பென்ஷன் எதுவும் கிடையாது. பி.பி.எஃப்.ல இப்போ சேரலாமா?"

நான் பேப்பரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உனக்கு 52 ஆச்சு. 15 வருஷம் பூட்டி வைக்கணும். எடுக்கும்போது 67. அந்தப் பணத்தை மிஷின்ல போடு, அதுதான் உனக்குப் பென்ஷன்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். வரி, சட்டம் என்றால் எங்கள் குடும்பத்தில் நான் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த வருடமே கடன் வாங்கி ஒரு பழைய ஆஃப்செட் மிஷின் வாங்கினார்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் தப்பு. பி.பி.எஃப்.பில் சேர வயது உச்சவரம்பு கிடையாது. ஏழாவது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். வருடாவருடம் கழிவும் கிடைக்கும். இவை மூன்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் 52 வயதில் ஒருவர் சேமிக்கத் தொடங்குவார் என்பது என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு அது 21 வயதில் தானாகத் தொடங்கிய காரியம் அல்லவா!

வருடம் 24,000 ரூபாய், அதாவது மாதம் 2,000, அவரால் கட்டியிருக்க முடியும். 8 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால் 15 வருடத்தில் கட்டிய 3,60,000 ரூபாய் 7 லட்சத்தைத் தொட்டிருக்கும். இந்தக் கணக்கை நான் எத்தனையோ இரவு போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அவர் என்னைக் குறை சொன்னதே இல்லை. 2015 பட்ஜெட்டில் அருண் ஜேட்லி, தேசிய ஓய்வூதியத் திட்டமான என்.பி.எஸ்.ஸில் போடும் பணத்துக்குக் கூடுதலாக 50,000 ரூபாய் கழிவு என்று அறிவித்தபோது, மறுபடி வந்து அதே கேள்வியைக் கேட்டார். என்.பி.எஸ். 2004 ஜனவரி 1க்குப் பின் மத்திய அரசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக வந்தது. 2009 மே மாதம் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். இந்த முறை நான் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். 60 வயதுக்கு மேல் சேர முடியாது. அவருக்கு 60 தாண்டிவிட்டது.

2017 கடைசியில் அந்த வயதை 65 ஆக உயர்த்தினார்கள். செய்தியைப் பார்த்த அன்று நானே பஸ் ஏறி அச்சகத்துக்குப் போனேன். அவருக்கு 64. "இந்த முறை நானே கேட்க வந்திருக்கேன். சேர்றியா?" என்றேன். சிரித்துக்கொண்டே மை படிந்த கையைத் துடைத்துவிட்டு வந்தார். 2018 பிப்ரவரியில் சேர்ந்து 50,000 ரூபாய் கட்டினார். மற்றக் கழிவெல்லாம் போக அந்த வருடம் அவருடைய வருமானம் 5,60,000. மூத்த குடிமக்கள் விகிதப்படி வரி 22,660 வந்திருக்கும். இந்த 50,000 கழிந்ததால் 12,360 ஆனது. 10,300 ரூபாய் மிச்சம். ரிட்டர்ன் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "64 வயசுல கவர்மெண்ட் என்னைக் கணக்குல சேர்த்துக்கிச்சு அத்தான்" என்றார்.

அடுத்த இரண்டு வருடமும் கட்டினார். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு யார் வருவார்கள்? வாட்ஸ்ஆப்பிலேயே அழைப்பு முடிந்தது. அதன்பின் கணக்கு செத்துப்போகாமலிருக்கக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிவந்தார். 2021இல் மிஷினை விற்றார். நான் "பென்ஷன்" என்று சொன்ன அதே மிஷின். பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே போனது. 2005இல் பி.பி.எஃப். தொடங்கியிருந்தால் அந்த 2021 ஏப்ரலில்தான் முதிர்ந்திருக்கும். மிஷினை வண்டியில் ஏற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். இதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும்.

70 வயதில், 2023இல், என்.பி.எஸ். கணக்கை முடித்தார். கணக்கில் 2 லட்சம் சொச்சம் இருந்தது. சேர்ந்திருக்கும் பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதையும் கையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்போது விதி. நானும் அதைச் சொன்னேன். "வேண்டாம் அத்தான், எல்லாத்தையும் மாசாமாசம் வர்ற மாதிரி போட்டுடு. உங்களுக்கு வர்ற மாதிரி எனக்கும் ஒரு தேதியில ஏதாவது வரட்டும்" என்றார். மாதம் 1,100 ரூபாய் சொச்சம் வருகிறது. பணம் ஏறியதும் எனக்கு ஃபோன் செய்வார்: "ரெத்ரேத் வந்துடுச்சு அத்தான்!" அந்தச் சொல்லை என்னிடமிருந்துதான் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடற்கரையில் அந்த 66 வயது நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். உங்களில் யாருக்காவது உதவலாம்.

முதலில் நீங்கள் எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2020-21இல் புதிய முறை வந்தது, 2023-24 முதல் கேட்காமலே அதில்தான் வைப்பார்கள். அதில் 80சி கழிவும் இல்லை, இந்த 50,000 ரூபாய் கழிவும் இல்லை. 2025-26 முதல் அந்த முறையில் சாதாரண வருமானம் 12 லட்சம் வரை வரியே வராது என்பதால், நம்மில் பலருக்குக் கழிவே தேவைப்படாது. பழைய முறை லாபமாக இருந்தால் மட்டும் கழிவைத் தேடுங்கள். ஓய்வூதியர் வருடாவருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவர் அப்படி மாறி மாறிப் போக முடியாது, ஆகவே ஆடிட்டரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்களும் மாறிவிட்டன. நான் மனப்பாடம் செய்த 80சி இனி என்னைப் போன்ற கிழவர்கள் வாயில் மட்டும் இருக்கும்.

இரண்டாவது, பி.பி.எஃப்.புக்கு வயது தடையில்லை. மாதம் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி. 15 வருடம் நீளம் என்று பட்டால், தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 5 வருடம்தான். பழைய முறையில் அதற்கும் 80சி கழிவு உண்டு. ஆனால் அதன் வட்டிக்கு வரி உண்டு.

மூன்றாவது, கழிவுக்காக மட்டும் பணத்தைப் பூட்டாதீர்கள். மருத்துவச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் போடுங்கள்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ காலம் போகலைன்றீங்க" என்றார்.

"அதை நான் முடிவு பண்ணக் கூடாது சார். கணக்கைப் போட்டுத் தர்றேன், முடிவு உங்களுது" என்றேன். 2005இல் மைத்துனரிடமும் நான் இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் பென்ஷன் இல்லாத ஒருவர் இருப்பார். அவர் வந்து கேட்டால் கையிலிருக்கும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.